புறாவின் கழுத்து வளையம்: துணைத்தேர்வும் மனச்சலனமும் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

அரபுக் கவிதையின் பழைய மரபுப்படி கஸீதா ஒன்று காதலியை நினைந்து வருந்துவதோடு தொடங்கும். பாளையம் பெயர்ந்துவிட்டது, அவளும் போய்விட்டாள், அளித்த வாக்கு காற்றோடு போயிற்று என்று கவிஞன் முறையிடுவான். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் திருமுன் பாடிய, ‘பானத் ஸுஆத்’ என்று பெயர் பெற்ற கஸீதாவும் இதற்கு விலக்கன்று. நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் அக்கவிதையின் முகப்பில் ஸுஆத் என்பவளின் நிலையற்ற மனமும் நிறைவேறாத வாக்குறுதிகளும் நீளமாகப் பேசப்படுகின்றன. மாறியவள் பெண், மாறாதவன் ஆண் என்பதே அம்மரபின் பொதுக்குரல்.

கவிஞர்களின் இக்கூற்றை அவ்வாறே ஏற்கலாமா? ஏற்க முடியாது என்று சொன்னவர்கள் இஸ்லாமிய அறிவு மரபிலேயே உண்டு. அவர்கள் கற்பனையை விட்டுக் கண்கூடான நடப்பை நோக்கியவர்கள். அவர்களில் ஒருவர் பஸ்ராவில் புறாக் கூண்டுகளின் அருகே நின்றார். மற்றவர் குர்துபாவின் மாளிகைகளுக்குள் வளர்ந்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் கிராமமொன்றில் புறா வளர்த்த சார்லஸ் டார்வினும் இதே வினாவின் முன் வந்து நின்றார். உயிரினங்களில் துணையைத் தேர்பவர் யார்? தேர்ந்த பின் மாறுபவர் யார்? இவ்வினாக்களின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதும், அவ்வரலாறு நமது இல்லங்களில் நடைபெறும் மணப்பேச்சுகளுக்கு என்ன சொல்கிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பஸ்ராவின் புறா வல்லுநர்கள்

ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்த அல்-ஜாஹிழ் பஸ்ரா நகரத்தவர், முஃதஸிலாக் கொள்கையினர், அரபு உரைநடையின் பேராசான்களுள் ஒருவர். அவருடைய ‘கிதாபுல் ஹயவான்’ இன்றைய அச்சில் ஏழு பாகங்களாக விரிகிறது. விலங்குகளைப் பற்றிய நூல் என்பது அதன் பெயர். ஆயினும் அதனுள் கலாம், கவிதை, நகைச்சுவை, மக்கள் வழக்கு ஆகிய அனைத்தும் கலந்து கிடக்கின்றன. அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலை ஜாஹிழ் அரபு மொழியாக்கம் வாயிலாக அறிந்திருந்தார். அவரை ‘ஸாஹிபுல் மன்திக்’, அதாவது தர்க்கத்தின் தலைவர் என்று குறிப்பிடுவார். எனினும் அவர் சொன்னார் என்பதற்காக எதனையும் ஏற்றுக்கொள்வதில்லை. மீகாமன், வேடன், பறவை பிடிப்பவன், புறா வளர்ப்பவன் என்று தொழில் அனுபவம் உடையவர்களிடம் கேட்டு, ஒப்பிட்டு, ஐயுற்று எழுதுவது அவர் வழக்கம்.

புறாவைப் பற்றி அந்நூல் மிக விரிவாகப் பேசுகிறது. அதற்குக் காரணம் உண்டு. தொலைவிலிருந்து வீடு திரும்பும் புறாக்களுக்கு அப்பாஸியர் காலத்து பஸ்ராவிலும் பக்தாதிலும் பெருமதிப்பு இருந்தது. உயர்சாதிப் புறா ஒன்று 500 தீனார் வரை விலைபோனதாக ஜாஹிழ் எழுதுகிறார். குதிரைகளுக்குப் போலவே புறாக்களுக்கும் வம்சாவளி பேணப்பட்டது. எந்த ஆணுக்கும் எந்தப் பெண்ணுக்கும் பிறந்த குஞ்சு என்று தெரியாமல் அவ்வளவு பணத்தை யார் கொடுப்பார்? எனவே எந்தப் புறா எதனோடு சேர்கிறது, எதனை மறுக்கிறது, எப்போது மாறுகிறது என்பதை வளர்ப்போர் இரவு பகலாகக் கவனித்தனர். இவ்வாறு பிறந்தது அந்த அறிவு. ஏட்டறிவு அன்று, காசு போட்டவனின் கண்ணறிவு.

அத்தகைய வல்லுநர்களுள் ஒருவராக முஸன்னா இப்னு ஸுஹைர் என்பவரை ஜாஹிழ் காட்டுகிறார். ஆண் பெண் மாந்தரிடம் தாம் கண்ட எந்தக் குணத்தையும் புறாக்களிடத்திலும் கண்டதாக முஸன்னா கூறுகிறார். தன் துணையையன்றி வேறெதனையும் நாடாத பெண்புறாவும் உண்டு. அவ்வாறே துணையை இழக்கும் வரை வேறொன்றை நாடாத ஆண்புறாவும் உண்டு. வந்த எந்த ஆணையும் தடுக்காத பெண்ணும் உண்டு. நெடுநாள் சுற்றிச் சுற்றி வந்து வேண்டினாலன்றி இசையாத பெண்ணும் உண்டு. பட்டியல் இவ்வாறு நீள்கிறது.

இப்பட்டியலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கற்பும் சலனமும் இங்கே பாலுக்கு ஒன்றாகப் பங்கிடப்படவில்லை. ஆணுக்குள் நிலைத்தவனும் உண்டு, நிலையாதவனும் உண்டு, பெண்ணுக்குள்ளும் அப்படியே. மேலும், பெண்புறா சேர்வதற்கு முன் ஏற்கவோ மறுக்கவோ செய்கிறது என்பது அவர்களுக்கு ஐயத்துக்கு இடமில்லாத நாள்நடப்பு. ஸுஆதைப் பழித்த கவிதை மரபுக்கும் இக்கூண்டறிவுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று.

குர்துபாவில் ஒரு காதல் நூல்

ஜாஹிழுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், இதே வினா அந்தலுஸில் மனிதரைப் பற்றியே எழுப்பப்பட்டது. எழுப்பியவர் இப்னு ஹஸ்ம். ஹிஜ்ரி 384இல் (கி.பி. 994) குர்துபாவில் ஓர் அமைச்சரின் மகனாகப் பிறந்து, ஹிஜ்ரி 456இல் (கி.பி. 1064) மறைந்த இவரை நம் மத்ரஸாக்கள் ழாஹிரி மத்ஹபின் கடுமையான வாதியாகவே அறியும். ‘அல்-முஹல்லா’வின் ஆசிரியர் காதலைப் பற்றி முப்பது அத்தியாயங்களில் நூலொன்று எழுதினார் என்பதைக் கேட்டு வியப்பவர் இன்றும் உண்டு. ‘தவ்குல் ஹமாமா’, அதாவது ‘புறாவின் கழுத்து வளையம்’ என்பது அதன் பெயர். புறாவின் கழுத்திலுள்ள வண்ண வளையம் கழற்ற முடியாதது. அரபு வழக்கில் அது அழியாத பிணைப்பின் அடையாளம்.

உமய்யா கிலாஃபத் உள்நாட்டுப் போரில் சிதைந்து, குர்துபா 1013இல் சூறையாடப்பட்ட பின், ஊரை இழந்து ஷாத்திபாவில் தங்கியிருந்தபோது நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க இதனை இயற்றினார். அப்போது அவர் முப்பது வயதை ஒட்டியவர். ஹிஜ்ரி 738இல் (கி.பி. 1338) எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதி லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் எஞ்சியிருந்தது. ரஷ்ய அறிஞர் பெத்ரோஃப் 1914இல் அதனைப் பதிப்பித்தார்.

இப்னு ஹஸ்ம் சிறுவயதில் மாளிகையின் பெண்கள் பகுதியிலேயே வளர்ந்தவர். திருக்குர்ஆனும் கவிதையும் கையெழுத்தும் தமக்குக் கற்பித்தவர்கள் பெண்களே என்று அவரே கூறுகிறார். ஆகையால் பெண் மனத்தைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டு எழுதும் தேவை அவருக்கு இல்லை. இச்சையை அடக்கும் ஆற்றல் ஆண்களுக்கே உரியது, பெண்களுக்கு இல்லை என்று பலர் பேசுவதைக் கேட்டுத் தாம் நெடிது வியந்ததாக அவர் எழுதுகிறார். அவர் தீர்ப்பில் அவ்விச்சையின்பால் சாய்வதில் ஆணும் பெண்ணும் சமம். வாய்ப்பும் தனிமையும் தூண்டுதலும் நீடித்தால் இருவருமே வீழக்கூடியவர்கள். இறைவன் காத்தவரே காக்கப்பட்டவர். முஸன்னா கூண்டில் கண்டதை இப்னு ஹஸ்ம் மாளிகையில் கண்டார் எனலாம்.

நிலையின்மையையும் அவர் ஒரே சொல்லால் பழித்துவிடுவதில்லை. காதல் மறைவதற்கான காரணங்களைப் பிரித்து ஆராய்கிறார். சில காரணங்கள் காதலிப்பவரின் பக்கத்தில் இருக்கின்றன: சலிப்பு, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுதல் முதலியன. சில காதலிக்கப்படுபவரின் பக்கத்தில் இருக்கின்றன: கொடுமை, வஞ்சகம் முதலியன. மரணம் போன்ற சில இறைவிதியால் வருபவை. முதல் வகைக்காரர் பழிக்குரியவர். கொடுமையால் மனம் விலகியவரைப் பழித்தல் நீதியன்று. மனமாற்றம் என்று வெளியில் ஒன்றாகத் தெரிவதன் உள்ளே இத்தனை வேறுபாடுகள் உள்ளன என்று காட்டியது ஒரு ஃபகீஹின் நுண்மை. செயலைப் பார்த்து மட்டும் தீர்ப்பளிக்காமல் காரணத்தையும் உசாவுகிறார்.

பொன்னிறக் கூந்தலின் வரலாறு

அந்நூலின் மற்றொரு பகுதி இன்றைய உயிரியல் மாணவர் ஒருவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும். ஒரு குறிப்பிட்ட அழகை முதலில் விரும்பியவர் பின்னர் வேறு அழகை ஏற்பதில்லை என்பதைப் பேசும் அத்தியாயம் அது. இளமையில் தாம் பொன்னிறக் கூந்தலுடைய ஓர் அடிமைப் பெண்ணை விரும்பியதாகவும், அன்று முதல் கருங்கூந்தல் தமக்குப் பிடித்ததில்லை என்றும், தம் தந்தைக்கும் இதே விருப்பம் இறுதி வரை இருந்ததென்றும் இப்னு ஹஸ்ம் கூறுகிறார். பின்னர் அரச குடும்பத்துக்கு வருகிறார். அந்தலுஸின் உமய்யா கலீஃபாக்கள், குறிப்பாக மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்-நாஸிரின் வழித்தோன்றல்கள், பொன்னிறக் கூந்தலையே விரும்பினர். அந்-நாஸிரும் அவர் மகன் அல்-ஹகமும் வெளிர் கூந்தலும் நீலக்கண்களும் உடையவர்கள் என்பதைத் தம் தந்தை முதலியோரிடமிருந்து கேட்டறிந்தார். தாம் நேரில் கண்ட அக்குடும்பத்தார் ஸுலைமான் என்ற ஒருவர் நீங்கலாக ஏறத்தாழ அனைவருமே தாயரைக் கொண்டு பொன்னிறத்தவர்களாக இருந்தனர் என்றும், அதுவே அவர்களுக்கு இயல்பாகிவிட்டது என்றும் எழுதுகிறார்.

வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. அந்-நாஸிர் 912 முதல் 961 வரை ஆண்டவர். அவருடைய தந்தைவழிப் பாட்டி வடஸ்பெயினின் பம்ப்லோனா அரசரின் மகள். அல்-ஹகமின் மகன் இரண்டாம் ஹிஷாமைப் பெற்ற ஸுப்ஹ் என்பவரும் பாஸ்க் இனத்தவர். டமாஸ்கஸிலிருந்து வந்த குறைஷிக் குடும்பமொன்று, அதன் ஆண்கள் தலைமுறை தோறும் ஒரே வகை அழகைத் தேடியதால், தோற்றத்தில் மாறிப் போயிற்று.

ஒருவரின் கண்ணுக்கு இனியது அவரோடு முடிந்துவிடுவதில்லை. அது பேரனின் கூந்தலில் தெரிகிறது என்பதே இப்னு ஹஸ்மின் குறிப்பு. துணைத்தேர்வு சந்ததியின் உருவை மாற்றும் என்பதைக் குறிக்கும் இவ்வளவு தெளிவான பழங்குறிப்புகள் அரிது.

தேர்ந்தவனும் தேர்வற்றவளும்

இப்பெண்களில் பெரும்பாலோர் போரில் பிடிபட்டு, சந்தையில் விலைபேசப்பட்டு, அந்தப்புரம் வந்தவர்கள். அவர்கள் கலீஃபாவை விரும்பினார்களா என்று எவரும் கேட்டதில்லை. பஸ்ராவின் பெண்புறாவுக்கு இருந்த மறுக்கும் உரிமை குர்துபாவின் அடிமைப் பெண்ணுக்கு இல்லை. இக்கொடுமையின் முழு வடிவத்தை இப்னு ஹஸ்ம் தீட்டிய மற்றொரு சித்திரத்தில் காணலாம்.

அபூ ஆமிர் என்ற பிரமுகர் அவருடைய நண்பர். அழகு, கல்வி, குலம், பண்பு ஆகியன அனைத்தும் பெற்றவர். அவரைக் காண்பதற்கென்றே மக்கள் அவர் வீட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்களாம். அவர் ஓர் அடிமைப் பெண்ணைக் கண்டுவிட்டால் அவளை அடையும் வரை உறக்கமில்லை. தடைகள் எத்தனை இருப்பினும் வாங்கிவிடுவார். கைக்கு வந்ததும் அன்பு வெறுப்பாக மாறும், நாட்டம் விலக்கமாகும். அவளை மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார். இவ்வாறு பல்லாயிரம் தீனார்களை இழந்தார். நண்பர்களிடமும் உடைகளிடமும் ஊர்திகளிடமும் அவர் குணம் இதுவே. அவர்மேல் அன்பு வைத்து நொந்து மடிந்த பெண்களைத் தாம் அறிந்ததாகவும் இப்னு ஹஸ்ம் குறிப்பிடுகிறார்.

காதலில் நிலையின்மைக்கு அந்நூல் தரும் மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஓர் ஆண் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவரது சலனத்தைப் பேணியது பணமும் அதிகாரமும். வாங்கவும் விற்கவும் முடிந்தவனுக்குச் சலிப்பு ஒரு விளையாட்டு. விற்கப்படுபவளுக்கு அதுவே வாழ்வின் அழிவு. இதற்கு நேர்மாறாக, நுஃம் என்ற தம் அடிமைப் பெண் இறந்தபோது இருபது வயதுகூட நிரம்பாத இப்னு ஹஸ்ம் ஏழு மாதங்கள் உடை மாற்றாமல் துயருற்றதையும் அதே நூல் பதிவு செய்கிறது. ஒரே நகரம், ஒரே வர்க்கம், ஒரே பால். இரு வேறு மனங்கள்.

அக்பரின் கூண்டும் டார்வினின் கூண்டும்

மனிதரின் விருப்பம் சந்ததியை மாற்றும் என்பதற்குக் குர்துபாவில் ஒரு குடும்பமே சான்றாயிற்று. இதனைத் திட்டமிட்டுச் செய்துபார்க்க வசதியான உயிர் மீண்டும் புறாவே. முகலாயப் பேரரசர் அக்பர் புறாக்களைப் பறக்கவிடும் கலைக்கு ‘இஷ்க்பாஸி’, அதாவது காதல் விளையாட்டு என்று பெயரிட்டதாக அபுல் ஃபஸ்லின் ‘ஆயீனே அக்பரி’ கூறுகிறது. அரசவையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன. ஈரான், தூரான் மன்னர்களிடமிருந்து அரிய வகைகள் பரிசாக வந்தன. முன்பு எல்லா வகையும் தம் விருப்பப்படி கலந்தன. அக்பரோ உருவ அழகையும் பறக்கும் திறனையும் பார்த்து இணை சேர்த்தார். அறிமுகமில்லாத ஆணையும் பெண்ணையும் ஐந்தாறு நாள்கள் ஒன்றாக வைத்தால் அவை பழகிவிடும் என்றும், பின்னர் நெடுங்காலம் பிரிந்திருந்தாலும் ஒன்றையொன்று அடையாளம் காணும் என்றும் அந்நூல் கூறும் குறிப்பு, கூண்டருகில் நின்று பார்த்தவரின் குறிப்பே.

இச்செய்தி 1859இல் வெளிவந்த டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலின் முதல் அத்தியாயத்திலேயே இடம்பெற்றது. அக்பரின் இருபதாயிரம் புறாக்களையும், இனங்களைக் கலந்து அவற்றை மேம்படுத்திய செய்தியையும் அவர் எடுத்தாளுகிறார். டார்வின் 1855 முதல் தம் வீட்டிலேயே புறா வளர்த்தவர். லண்டனின் இரு புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்திருந்தவர். மனிதன் தேர்ந்தெடுத்து வளர்ப்பதால் சில நூற்றாண்டுகளில் இத்தனை வகைகள் தோன்றுமாயின், இயற்கை நெடுங்காலமாகத் தேர்ந்தெடுப்பதால் என்ன நிகழாது என்பது அவரது வாதம். இதனையே இயற்கைத் தேர்வு என்கிறோம்.

ஆனால் இயற்கைத் தேர்வு ஒன்றைக் கொண்டு விளக்க முடியாத சிக்கல் ஒன்று எஞ்சியது. ஆண்மயிலின் தோகை உயிர் பிழைப்பதற்கு உதவாது, இடையூறே செய்யும். பின் அது ஏன் தோன்றியது? மயிற்பீலியைக் காணும்போதெல்லாம் தமக்கு மனம் குன்றுவதாக 1860இல் அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1871இல் வெளியிட்ட ‘மனிதனின் தோற்றம்’ நூலில் அவர் தந்த விடை பாலினத் தேர்வு. ஆண்கள் தமக்குள் போட்டியிடுகின்றன. பெண்கள் தமக்குப் பிடித்ததைத் தேர்கின்றன. தலைமுறைகள்தோறும் தொடரும் அத்தேர்வு தோகையை வளர்த்தது.

இதற்குச் சான்று தேடி டார்வின் மீண்டும் புறா வளர்ப்போரிடம் செல்கிறார். சில பெண்புறாக்கள் காரணம் எதுவும் புலப்படாமலே சில ஆண்புறாக்களை வெறுத்து ஒதுக்குவதையும், சில பெண்புறாக்கள் தம் துணையை விட அயலானையே விரும்புவதையும், சில ஆண்புறாக்கள் பிறர் துணையைக் கவர்ந்து குழப்பம் விளைவிப்பதால் அவற்றை அடைத்து வைக்க நேர்வதையும் வளர்ப்போர் வாயிலாக அவர் பதிவு செய்கிறார். இதனைப் படிக்கும்போது முஸன்னாவின் பட்டியல் நினைவுக்கு வராமல் போகாது. ஆயிரம் ஆண்டு இடைவெளி, ஒருவரை மற்றவர் அறியார், கண்டது ஒன்றே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜாஹிழ் பரிணாமக் கோட்பாட்டைச் சொல்லிவிட்டார் என்று மேடைகளிலும் ஏடுகளிலும் கூறுவது நம்மிடையே வழக்கமாகி வருகிறது. உயிர்கள் ஒன்றையொன்று இரையாக்கி வாழ்வதையும், சூழல் உயிரின் நிறத்தையும் உருவையும் மாற்றுவதையும் ஜாஹிழ் எழுதியது உண்மை. ஆனால் அவர் அவற்றைப் படைத்தவனின் ஞானத்துக்குச் சான்றாகவே அடுக்கினார். பொது மூதாதையிலிருந்து இனங்கள் கிளைத்தன என்ற கொள்கையை அவர் நிறுவ முற்படவில்லை. ஜாஹிழின் பெருமை கூர்ந்து நோக்கியதிலும் ஐயுற்று ஆராய்ந்ததிலும் உள்ளது. அதற்கு டார்வினின் சட்டையை அணிவிக்க வேண்டியதில்லை. இரவல் பெருமை உண்மைப் பெருமையை மறைத்துவிடும்.

மேலைநாட்டில் எழுந்த மறுப்பு

பெண்ணினம் தேர்கிறது என்ற டார்வினின் கருத்தை அவர் காலத்து அறிவுலகம் எளிதில் ஏற்கவில்லை. இயற்கைத் தேர்வை அவரோடு இணைந்து கண்ட வாலஸே இதனை மறுத்தார். பறவைப் பெண்ணுக்கு அழகுணர்ச்சியா என்பது பலரின் கேள்வி. டார்வினும் முழுமையாகத் தம் காலத்தைக் கடந்தவர் அல்லர். ஆண் துடிப்பானவன், பெண் நாணி ஒதுங்குபவள் என்ற விக்டோரியா கால எண்ணம் அவர் நூலிலும் படிந்திருக்கிறது. 1875இல் ஆன்டொனெட் பிரவுன் பிளாக்வெல் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் இதனைச் சுட்டி நூலெழுதினார்.

1948இல் பேட்மன் என்பவர் பழ ஈக்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, பல துணைகளால் ஆணுக்கே பயன், பெண்ணுக்கு இல்லை என்று முடிவு செய்தது. பாடநூல்கள் பல பத்தாண்டுகள் அதனையே ஓதின. 2012இல் பாட்ரிசியா கோவட்டியும் உடன் ஆய்வாளர்களும் அதே சோதனையை மீண்டும் செய்து, அதன் முறையிலேயே குறை இருந்ததைக் காட்டினர். இதற்கிடையே 1980களின் இறுதியிலிருந்து மரபணுச் சோதனைகள் வந்தன. ஒரே துணையோடு வாழ்வதாகக் கருதப்பட்ட பல பறவையினங்களின் கூடுகளில் வேறு ஆணுக்குப் பிறந்த குஞ்சுகளும் இருந்தன. நிலைத்தன்மையும் சலனமும் ஒரு பாலின் தனிச்சொத்தல்ல என்ற பஸ்ராவின் கூண்டறிவு இவ்வாறு ஆய்வுக்கூடத்திலும் உறுதிப்பட்டது.

டார்வின் சொன்ன ஒரு செய்தி நமக்கு மிகவும் இன்றியமையாதது. விலங்குகளில் பெரும்பாலும் பெண்ணிடம் இருக்கும் தேர்வாற்றலை மனித இனத்தில் ஆண் தன் வலிமையால் கைப்பற்றிக்கொண்டான் என்பது அவர் கருத்து. குர்துபாவின் அடிமைச் சந்தையை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஆனால் அந்தச் சந்தைக்கு நாலு நூற்றாண்டுகள் முன்பு, மதீனாவின் தெருவில் வேறொரு காட்சி நிகழ்ந்திருந்தது.

பரீராவின் விடை

பரீரா (ரலி) ஓர் அடிமைப் பெண். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவரை விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். விடுதலை பெற்றதும், அடிமைக் காலத்தில் அமைந்த மணவாழ்வைத் தொடர்வதா விலகுவதா என்ற உரிமை அவருக்கு வழங்கப்பட்டது. அவர் விலகினார். கணவர் முஃகீஸ் (ரலி) அவர் பின்னே மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டு சுற்றியதையும், கண்ணீர் தாடியில் வழிந்ததையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. முஃகீஸின் அன்பையும் பரீராவின் வெறுப்பையும் கண்டு நபி (ஸல்) அவர்களே வியந்தார்கள். அவரோடு மீண்டும் சேரலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று அவர் வினவினார். பரிந்துரைதான் என்று நபியவர்கள் விளக்கியதும், அவர் தமக்குத் தேவையில்லை என்று விடையளித்தார். அதோடு முடிந்தது. அவரை எவரும் பழிக்கவில்லை, வற்புறுத்தவில்லை.

ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்து ‘கியாருல் இத்க்’ என்னும் சட்டத்தை வகுத்தன. கணவன் அடிமையாக இருந்தால் மட்டுமே இவ்வுரிமை உண்டு என்பர் பெரும்பான்மையோர்; அவன் சுதந்திரனாக இருப்பினும் உண்டு என்பர் ஹனஃபிகள். சட்டத்துக்கு அப்பால் இந்நிகழ்ச்சியில் ஓர் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. தேர்வுரிமை பிறந்த நொடி, விடுதலை பிறந்த நொடி. அதுவரை பரீரா கணவரோடு வாழ்ந்தது நிலைத்தன்மையும் அன்று, விலகியது சலனமும் அன்று. தேர இயலாதவருக்கு நிலைத்தன்மை என்ற நற்பண்பே பொருந்தாது. முடியும் என்றிருந்தும் மாறாமலிருப்பதே வஃபா. முடியாமல் இருப்பது சிறை.

பரீரா தனி நிகழ்ச்சி அல்லர். முன்பு மணமாகியிருந்த கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர் விரும்பாத ஒருவருக்குத் தந்தை மணமுடித்தபோது நபி (ஸல்) அவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ தமக்குக் குறையில்லை என்று ஒப்புக்கொண்டே பிரிவு கேட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலக இடமளிக்கப்பட்டது. குறை சொல்ல முடியாத ஆணையும் ஒரு பெண் விரும்பாமல் இருக்கலாம் என்பது இதன் வழி ஏற்கப்பட்டது. காரணம் புலப்படாமலே வெறுத்த பெண்புறாவைக் கண்டு டார்வின் வியந்தார். நபிவழியோ மனித மனத்தின் அந்த மறைபகுதிக்கு மதிப்பளித்துச் சட்டத்திலேயே இடம் வைத்தது.

நமது மணப்பேச்சுகள்

இவ்வரலாற்றை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் பெண் பார்க்கும் நிகழ்வுகளில் பையன் வீட்டார் நிறம், உயரம், படிப்பு, குடும்பம் என்று பார்த்துப் பத்துப் பெண்களை மறுத்தாலும் அது தேடல் எனப்படுகிறது. பெண் ஒருத்தி இரண்டாவது முறை மறுத்தால் அவள் மனம் நிலையாக இல்லை என்று பேச்செழுகிறது. ஒரே செயல், இரு பெயர்கள். கூண்டைப் பார்த்த ஜாஹிழும் மாளிகையைப் பார்த்த இப்னு ஹஸ்மும் இவ்விரு பெயர்களை ஏற்கமாட்டார்கள்.

கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் கன்னிப் பெண்ணின் தந்தைக்கு அவளை மணமுடித்துக் கொடுக்கும் அதிகாரம் உண்டு என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளையும், அவளிடம் கேட்பதே விரும்பத்தக்கது என்று அதே நூல்கள் கூறுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபிலோ பருவமடைந்த, புத்தி தெளிந்த பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடிக்க இயலாது. கன்னியின் மௌனமே சம்மதம் என்ற ஹதீஸையும் பலர் அறிவர். ஆனால் மௌனம் சம்மதமாவதற்கு முன் கேள்வி ஒன்று கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்காத இடத்தில் மௌனம் விடையாகாது.

இயற்கையில் உள்ளதெல்லாம் மனிதனுக்கு நெறியாகிவிடாது. புறா செய்வதால் நாமும் செய்யலாம் என்று எவரும் வாதிட முடியாது. மனிதனுக்கு உடன்படிக்கை உண்டு. திருக்குர்ஆன் திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்றே அழைக்கிறது. மணமான பின் சலிப்பால் துணையைக் கைவிடுபவர் ஆணாயினும் பெண்ணாயினும் அபூ ஆமிரின் வழியினரே. ஆனால் உடன்படிக்கை என்பதன் பொருளே இரு தரப்பும் விரும்பி இணைவது. தேர்வின்றி உடன்படிக்கை இல்லை. உடன்படிக்கையின்றி வஃபாவும் இல்லை. முதலில் உரிமையைக் கொடுத்து, பின்னர் நிலைத்தன்மையைக் கேட்பதே முறை. முதலாவதை மறுத்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்ப்பது பெண்ணுக்கு மட்டுமன்றி, பிறக்கவிருக்கும் சந்ததிக்கும் இழைக்கும் அநீதியாகும். புறாவின் கழுத்திலுள்ள வளையம் அதனோடு பிறந்தது. வெளியிலிருந்து மாட்டப்படும் வளையத்துக்கு விலங்கு என்றே பெயர்.

வல்லாஹு அஃலம்.